சாயங்காலத்துக் கால் அளவு

செருப்புக்கடைக்காரர் இத்தனை காலம் விற்றதெல்லாம் கனம்தான். வாங்க வந்தவர் தயங்கினால் செருப்பைத் தூக்கி அவர் கையில் வைப்பார். "கனத்தைப் பாருங்க சார், இது உழைக்கும்." அதோடு வியாபாரம் முடிந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டுக் கூடத்திலேயே ஒருத்தி தராசோடு உட்கார்ந்துகொண்டு, கனமான எதையும் பைக்குள் விடமாட்டேன் என்கிறாள்.

ஒருத்தி என்றது அவர் மனைவியை. மருந்துக்கடையில் வேலை, கிராம் கணக்கில் கறார். அவளும் அவள் தங்கையும் மலைத்தொடரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடக்கப் போகிறார்கள். சோறு, கூடாரம், படுக்கை எல்லாம் முதுகில். திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைக்காரரின் முழங்காலுக்கு மாடிப்படியே மலை, அதனால் அவர் போகவில்லை.

மலையேறும் ஷூ அவர் கடையில் கிடையாது. அதைத் தங்கைதான் அக்காவை எங்கோ கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தந்தாள். அதில் தனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று, யாரும் கேட்காமலே, அவர் எல்லோரிடமும் சொன்னார். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று: சாயங்காலம் கூடாரம் போட்டதும், ஷூவைக் கழற்றிக் காலுக்குக் காற்றுக் காட்ட ஒரு லேசான செருப்பு.

"அதை நான் பாத்துக்கறேன்" என்றார். தன் கையால் கொடுத்த ஒன்றாவது அவளோடு போகவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதலில் கொண்டுவந்தது நல்ல தோல் செருப்பு. தங்கை ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்தாள்.

"மாமா, இதைத் தூக்கறதுக்கு உங்களையே தூக்கிட்டுப் போயிடலாம். சமைக்கவாவது ஆவீங்க."

"தோலும்மா! வருஷக்கணக்கா வரும்."

"நனைஞ்சா காயவும் வருஷக்கணக்கா ஆகும்" என்றாள் மனைவி. செருப்பு தராசு வரைக்கும்கூடப் போகவில்லை.

அடுத்தது ரப்பர் செருப்பு. "ராத்திரி குளிருங்க" என்றாள் மனைவி. "காலுறையோட போடணும். கட்டைவிரலுக்கு வாரு இருந்தா எப்படி நுழைக்கறது? ஓடையில இறங்கினா வேற, நான் இக்கரை, செருப்பு அக்கரை."

கடைக்காரர் தரையில் சம்மணம் போட்டார். இனி பேரம்தான்.

"சரி, எவ்வளவு கனம்னா எடுத்துப்ப?"

"ஜோடி இருநூத்தம்பது கிராம்."

"கட்டுப்படியாகாதும்மா. முந்நூறு."

"இருநூத்தம்பது."

"எனக்காக ஒரு இருநூத்தி எம்பது. வீட்டு ஆளுன்னுதான் சொல்றேன்."

"வீட்டு ஆளுன்னுதான் இருநூத்தம்பது. மத்தவங்களுக்கு இருநூறுதான்."

இந்தப் பக்கம் பருப்பு வேகாது என்று தெரிந்ததும் எழுந்து கடைக்குப் போனார். பின்பக்க அலமாரியின் அடித்தட்டில் ஒரு சரக்கு கிடந்தது. பஞ்சு போன்ற நுரையில் வார்த்தது, முன்னால் மூடி, காற்றுக்கு ஓட்டை, குதிகாலில் வார். கையில் எடுத்தவர்களெல்லாம் "பொம்மைச் செருப்பா?" என்று வைத்துவிட்டுப் போனதால் அவரே ஒளித்து வைத்தது. தூசியைத் துடைத்து ஆறாம் நம்பரை எடுத்துவந்தார். மனைவியின் கால் ஆறு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

தராசு இருநூற்று நாற்பதைத் தொட்டு நின்றது. தங்கை கைதட்டினாள். மனைவி ஒரு காலில் மாட்டிப் பார்த்து, "நல்லா இருக்குங்க" என்று உடனே கழற்றி வைத்தாள்.

அங்கேதான் கடைக்காரருக்கு உறுத்தியது. ஒரு குறையும் சொல்லாமல் தலையாட்டுகிற ஆள் பொருளை வாங்கப்போவதில்லை. இது கல்லாவில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்.

மறுநாள் அக்காவும் தங்கையும் முழுச் சுமையோடு ஊருக்கு வெளியே ஒத்திகை நடை போய்விட்டு, வெயில் தாழ வந்தார்கள். மனைவி வாசற்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். பாதம் சிவந்து உப்பியிருந்தது. நுரைச் செருப்பை எடுத்து மாட்டினாள். விரல்கள் முன்னால் முட்டி மடங்கின. அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டாமலிருக்கப் பழகிய முகம்.

கடைக்காரர் மலை ஷூவை எடுத்து, கயிற்றுக்கு அடியிலிருந்த அதன் நாக்கைத் தூக்கி உள்ளே இருந்த நம்பரைப் பார்த்தார். எட்டு.

"எட்டா?"

"ஷூ வாங்கின இடத்துல கால் அளந்தாங்க" என்றாள் மெதுவாக.

தங்கை சட்டென்று தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

"அப்ப, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் குடுத்த ஆறாம் நம்பர்?"

"ரெண்டாவது பிரசவத்துலேயே கால் பெருசாயிடுச்சுங்க."

"கடிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? பெட்டியைத் திறக்கறப்ப உங்க முகத்தை நீங்க பாத்ததில்ல. என் நம்பரு ஞாபகம் இருக்கறதுலதான் உங்களுக்கு எவ்வளவு பெருமை! போற வர்றவங்க காலை எல்லாம் அளந்தாத்தான் தெரியும், என் கால் மட்டும் அளக்காமலே தெரியும்னு எல்லார்கிட்டயும் சொல்லுவீங்களே."

அவர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் கடையின் அளவுப் பலகை. முழங்கால் முனக முனகப் படிக்குக் கீழே உட்கார்ந்து, "வைம்மா" என்றார்.

"அழுக்குக் காலுங்க. கழுவிட்டு வரேன்."

"கழுவினா வீக்கம் இறங்கிடும். இந்தக் கால்தான் வேணும்."

குதிகாலைப் பலகையின் விளிம்பில் பொருத்தினார். சுண்டுவிரல் ஓரம் காய்த்திருந்தது. புது ஷூவின் காய்ப்பு இல்லை, பழைய காய்ப்பு. அதன்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு அவர் அளவைப் படிக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் படித்தார். அவளும் காலை எடுக்கவில்லை.

கடையிலிருந்து நுரைச் செருப்பில் எட்டாம் நம்பர் வந்தது. விரல்கள் உள்ளே பரந்து உட்கார்ந்தன. அவள் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அவர் கொடுத்த எந்தச் செருப்புக்கும் அவள் இதுவரை விடாத பெருமூச்சு.

தங்கை விடாமல் தராசைக் கொண்டுவந்து வைத்தாள். இருநூற்று எழுபது.

"பேசின கனத்துக்கு மேல இருபது, அக்கா."

கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். பேரத்தில் தோற்றவர் பேசக்கூடாது.

மனைவி பைக்குள் கையை விட்டுச் சீப்பை எடுத்து வெளியே போட்டாள்.

"அக்கா, தலை?"

"நீ ஒண்ணு வெச்சிருக்கல்ல."

பிறகு செருப்பைப் பைக்கு வெளியே, கொக்கியில் மாட்டி இறுக்கினாள். இழுத்துப் பார்த்தாள். விழாது.

"என்னங்க, மலையில இதுவும் கடிச்சா திருப்பித் தரலாமா?"

"தாராளமா" என்றார் அவர், பலகையைத் துடைத்துக்கொண்டே. "ஆனா தபால்ல அனுப்பினா எடுக்கமாட்டோம். வாங்கினவங்களே நேர்ல கொண்டு வரணும்."