வெள்ளைத் தொலைபேசி

மாஸ்கோவில் அன்று எல்லார் கையிலும் மே தின அணிவகுப்புப் படம் போட்ட பத்திரிகை. மேடையில் தலைவருக்குப் பக்கத்தில் மூன்றாவதாக நின்றவர் அமைச்சர் ரோடியோன் சவ்விச். போன வருடம் ஒன்பதாவது. இனி இவர் கைதான் ஓங்கும் என்று ஊரே கணக்குப் போட்டது. முட்டாள்கள்! யார் கதை முடிந்தது என்பது தலைவரோடு நேராகப் பேசும் வெள்ளைத் தொலைபேசியைக் கழற்றப் போகிற எனக்குத்தான் முதலில் தெரியும். அன்று காலை அலுவலகத்தில் என்னிடம் கொடுத்த சீட்டில் அவர் பெயர்தான் இருந்தது.

அவர் வீட்டுக்குப் போய், "பழுது பாக்கணும்யா," என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"சீக்கிரம் கொண்டா தம்பி. தலைவர் கூப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று சிரித்தார்.

அவர் மனைவி முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி இரண்டைச் சுடச்சுட என் கையில் வைத்து, பத்திரிகையைக் காட்டினார். "பாத்தியா? மூணாவது ஆளு!"

எங்கேயாவது ஓடிப்போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ரொட்டியைக் கடித்துக்கொண்டேன்.

கழற்றிய கம்பியைச் சிக்கில்லாமல் சுற்றி, அவரே என் பையில் வைத்தார். "திரும்ப மாட்டறப்ப உனக்குச் சிரமம் இருக்காது பாரு."

பன்னிரண்டு வருடமாக இதுதான் வேலை. திரும்ப மாட்டுவதற்கென்று ஒரு வீட்டுக்கும் நான் போனதில்லை.