நவம்பர் இருபத்தொன்று

படத்தை அழித்துவிட்டாள். ஆனால் அது அழியவில்லை.

ஒரு கணினி விளையாட்டின் தமிழ் ரசிகர் குழுவிலிருந்து நஸ்ஹா அதைத் தூக்கிய கையோடு யாரோ ஒருவன் திரும்பப் போட்டு, "இதை முதல்ல போட்டது யாரு?" என்று கேட்டிருந்தான். அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகளும் வசவுகளும் மாறி மாறி விழுந்தன. பிரேசில்காரன் ஒருவனின் வீடியோவிலும் அதே படம், தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு. மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த மூன்று லட்சம் பேருக்கு அவள் பயப்படவில்லை. பயம் ஒரே ஒருவரை நினைத்துத்தான்.

போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுச் சாச்சியின் மகள் ஸுஹைனாவுக்கு எழுதினாள்.

"முழிப்பா?"

"ஓம். கேம்காரனுகள் இப்பதான் உண்மையான தேதியச் செல்லியிரிக்கானுகளாம். நவம்பர் இல்லயாம். அடுத்த வருசக் கடைசியாம். அந்தப் பொய்ப் படத்தப் போட்டவனத் தேடித் திரியிறானுகள்கா."

"அவன் இல்ல. அவள்."

ஸுஹைனா உடனே எழுதினாள்.

"நஸ்ஹா, விளையாடாத."

"நான்தான்டி செஞ்சன்."

'நைன்த் ஹார்பர்' என்ற அந்த விளையாட்டின் முதற்பாகம் வந்தபோது நஸ்ஹாவுக்குப் பன்னிரண்டு வயது. காத்தான்குடியில் அவர்களுடைய வீட்டு ஹோலில் ஒரு கணினி. கீபோர்ட் அவள் காக்கா என்று கூப்பிடும் அண்ணன் பஹ்மியின் கையில், மவுஸ் இவள் கையில். சண்டை அவனுக்கு, பேச்சு இவளுக்கு. விண்கலத்தில் யாராவது கேள்வி கேட்டால் திரையில் நாலு பதில் வரும். எதை அமத்துவது என்று தீர்மானிப்பது நஸ்ஹாவின் வேலை. முடிவில், தண்ணீர் மட்டுமே இருக்கும் ஒரு நிலாவில் வேரா என்ற தோழியை விட்டுவிட்டுக் கலத்தின் கதவு மூடிக்கொள்ளும். அவள் இருக்கிறாளா, செத்தாளா என்று உலகம் முழுக்க நாலு வருடமாகத் தர்க்கம். செத்துவிட்டாள் என்பது கோயம்புத்தூர்க்காரன் ஒருவனின் கட்சி. டொரொண்டோவில் இருக்கும் அக்கா ஒருத்தி, வேராவே அடுத்த பாகத்தின் எதிரி என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். ரெண்டாம் பாகத்தின் முதல் டிரெயிலரில் தூரத்தில் ஒரு துறைமுக விளக்கு அணைந்து அணைந்து எரிவதை நஸ்ஹாதான் முதலில் கண்டுபிடித்தாள். அது வேரா கூப்பிடுவது என்றாள். பஹ்மிக்கு அது பிடித்துப்போயிற்று. டோஹாவிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் அழைப்பெடுத்து மணிக்கணக்காக அதையே கதைப்பான். உம்மாவிடம் போனைக் கொடுக்கும்போதுதான், "மழ துவங்கிட்டாம்மா? முகத்துவாரம் வெட்டிட்டானுகளா?" என்று கேட்பான். வாவி நிரம்பினால் கடலுக்கு வெட்டிவிடும் அந்த வாய்க்கு, பாலைவனத்துச் சுப்பர்மார்க்கட்டில் பெட்டி அடுக்குகிறவன் ஏன் கவலைப்பட வேண்டும் என்று உம்மா சிரிப்பாள்.

"எப்ப வாறீங்க காக்கா?" என்று இவள் கேட்டால் ஒரே பதில்தான்.

"கேம் வரட்டும், வாறன். ரெண்டாம் பாகத்த நீ இல்லாம தொடமாட்டன்."

இரண்டு தடவை லீவு கைக்கு வந்து தட்டிப்போனது. முதல் தடவை புதுக் கிளை திறந்தார்கள். அடுத்த தடவை வேலைக்காரன் ஒருவன் இடையில் நின்றுவிட்டான்.

ஜூன் மாதம், அப்படி ஒரு அழைப்பு முடிந்த சூட்டில்தான் அவள் அந்தப் படத்தைச் செய்தாள். வெளிநாட்டுக் கடையொன்றின் இணையப் பக்கம் மாதிரி. நவம்பர் இருபத்தொன்று, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு வெளியீடு. அரை மணித்தியால வேலை. பழைய கணினியில் அவர்கள் கடைசியாகச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தின் தேதி அது. அன்றிரவு ஒரு மணிக்கு, பஹ்மியை டோஹாவுக்கு ஏற்றிவிட எயாபோட் வேன் வந்தது. அவன் சேமித்துவிட்டு எழும்பிப் போனான்.

வேறொரு பெயரில் குழுவில் போட்டாள். பின்னேரம் வரை பகிடி, பிறகு எடுத்துவிடலாம் என்பதுதான் எண்ணம். ஆனால் பின்னேரத்துக்குள் அத்தாட்சிகள் வரத் தொடங்கின. டிரெயிலரில் கலத்தின் சுவரில் 2111 என்று இலக்கம் இருக்கிறது பாருங்கள் என்றான் கோயம்புத்தூர்க்காரன். அன்றைக்குத்தான் கதையில் வரும் நிலாவுக்கு முழுநிலவு நாள் என்று கணக்குப் போட்டுக் காட்டினாள் டொரொண்டோ அக்கா. நஸ்ஹா சொன்ன பொய்க்கு ஊரெல்லாம் சாட்சி சொன்னது. ஓகஸ்ட் மாதம் வருவதற்குள் அவளே அதை நம்பிவிட்டாள். அலுமாரிக்கு மேலே இருந்த கணினியை இறக்கி, விசிறியில் கூடு கட்டியிருந்த பூச்சியைத் தட்டி, பக்கத்தில் உட்கார இரண்டு கதிரை போட்டு வைத்தாள். அந்தப் பழைய கணினியில் ரெண்டாம் பாகம் ஓடாது. அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இருவரும் அதைக் கதைத்ததில்லை.

அப்போதுதான் பஹ்மி சொன்னான்: "லீவு எடுத்திட்டன் புள்ள. நவம்பர்."

அது அவனுடைய முறையல்ல. அவனோடு ஒரே அறையில் இருக்கும் ஓட்டமாவடி ஊர்க்காரன் மின்ஹாஜுடைய முறை. ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். பஹ்மி கேட்டுக் கேட்டு மாற்றிக்கொண்டான். ஒரு மாதம் கழித்து மின்ஹாஜின் தங்கச்சி அம்னாவுக்குக் கலியாணத் தேதி குறித்தார்கள். நவம்பர் இருபத்துமூன்று.

"அப்ப அந்த மனிசன் சொந்தத் தங்கச்சிட கலியாணத்துக்கு வராம நிக்கப்போறாரா?" ஸுஹைனா இப்போது குரலிலேயே அனுப்பினாள், கிசுகிசுப்பாக. "ஒண்ட படத்தாலயா?"

"அப்ப எனக்குத் தெரியாடி."

"காக்காக்குச் செல்லு."

"செல்லினா வரமாட்டாரு."

"செல்லாட்டி?"

"வருவாரு."

"மறுகா அம்னாட மொகத்த நீ பாப்பியா? ஓட்டமாவடியால போற பொலன்னறுவ பஸ்ஸில ஒரு நாளைக்குக் காணத்தான் போறாய்."

நஸ்ஹா பதில் எழுதுவதற்குள் போன் கையில் அதிர்ந்தது. டோஹா.

உம்மா எழும்பிவிடாமல் அடுப்படிக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"பாத்தியா புள்ள?" என்றான் பஹ்மி. "அடுத்த வருசக் கடைசியாம்."

"ஓம்."

"இண்டைக்கு வந்த டிரெயிலர் கடைசியில வெளக்கு எரிஞ்சது கண்டியா? நீ செல்லினதுதான் சரி. மூண்டு தரம்."

"ஓம்."

"என்ன, வாயில கொழுக்கட்டயா?"

தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். "காக்கா, அந்தப் படம் பொய். கடையும் இல்ல ஒண்டும் இல்ல. நான்தான் செஞ்ச. தேதியும் நான்தான் போட்ட."

அந்தப் பக்கம் ஏசி இரைவது கேட்டது. பிறகு அவன் மூக்கால் சிரித்தான்.

"எனக்குத் தெரியும்."

"எப்ப இரிந்து?"

"பாத்த அண்டைக்கே. நவம்பர் இருபத்தொண்டு, ராவைக்கு ஒரு மணி. உலகத்தில வேற எவனுக்குடி அந்த நேரம் தெரியும்?"

"தெரிஞ்சிக்கிட்டு என்னத்துக்கு லீவு கேட்டீங்க?"

"எனக்கும் ஒரு சாட்டு வேணுமா இரிந்திச்சி. வீட்ட போகணும் எண்டு கேட்டா, இஞ்ச ஆருக்குத்தான் போகத் தேவல்ல எண்டுவானுகள். கேம் விளையாடத் தங்கச்சி பாத்துக்கு இரிக்காள் எண்டா பகிடியாப் போயிரும். மின்ஹாஜ் விழுந்து விழுந்து சிரிச்சான். சிரிச்சிக்கிட்டே தந்திட்டான்." அவன் குரல் இறங்கியது. "அப்ப அம்னாட தேதி வரல்ல, புள்ள. வந்த பொறகும் நான் வாயத் திறக்கல்ல. நீ செஞ்சது ஒரு படம். நான் செஞ்சது அதவிடப் பெருசி."

வெளியே தென்னை ஓலைகளில் காற்று சத்தம் போட்டது. வாவிப் பக்கத்துக் காற்று. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல் நின்றது.

"மின்ஹாஜ் காக்கா எங்க?" என்று கேட்டாள் நஸ்ஹா.

"இஞ்சதான், கட்டில்ல. அவனும் அறிவிப்பப் பாத்திட்டான். ஒண்டும் கேக்கல்ல. எனக்கும் சேத்துச் சோறு போட்டு வெச்சிட்டு, கேம் வராட்டி என்ன, நீ போய்ட்டு வா, ஒண்ட தங்கச்சி பாத்துக்கு இரிப்பாள் எண்டு செல்லிட்டு அங்கால திரும்பிப் படுத்திட்டான். முதுகு தெரியிது."

"நீங்க இப்ப வராட்டி?"

"அடுத்த வருசம் எண்டுவானுகள். ரெண்டு தரம் செல்லிட்டானுகள்தானே."

ஹோலில் இரண்டு கதிரைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது குசினிக் கதவிடுக்கில் தெரிந்தது. வா என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சுப் போதும். வரவேண்டாம் என்பதும் ஒரு சொல்தான். இரண்டும் நாக்கில் இருந்தன. ஓட்டமாவடியில் அவள் ஒருநாளும் பார்த்திராத ஒருத்தி, இதே காற்றுச் சத்தத்தில், தன் காக்காவுக்காக விரலில் நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

"நஸ்ஹா."

"ம்."

"விடியக்க மெனேஜருக்கு லீவுல போறவன்ட பேர் குடுக்கணும். சண்டதான் என்ட வேல. பேச்செல்லாம் ஒண்டதானே, பதிலெல்லாம் நீதானே அமத்துவாய். செல்லு புள்ள, ஆருட பேரக் குடுக்கட்டும்?"