மூன்றாவது சிபாரிசுக் கடிதம்

"பஸ் போற பாதையில ஏறுங்க குயா. பரவாயில்ல, ஏறுங்க."

'குயா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறலாம் மேடம். ஐயாயிரம் பெசோ அபராதத்தை நீங்க கட்டுறதா இருந்தா பறக்கக்கூடச் செய்யலாம்."

ஜோனாபெல் லேப்டாப்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மணி பார்த்தாள். ஒன்று பதினாறு. கிறிஸ்துமஸ் சாமான் வாங்கக் கிளம்பிய மணிலா மொத்தமும் எட்ஸா சாலையில் அசையாமல் நின்றிருந்தது.

அமெரிக்காவில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பல்கலைக்கழகம், அங்கே நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது விண்ணப்பக் கதவைச் சாத்திவிடும். இங்கே அது பகல் ஒன்று ஐம்பத்தொன்பது. சினிமா ஆய்வில் டாக்டர் பட்டத்துக்கு அவள் மனுப் போடுவது இது மூன்றாவது வருடம். கடைசி வருடமும் இதுதான். பயணச் செலவு தரும் அறக்கட்டளை முப்பத்திரண்டு வயதோடு நிறுத்திக்கொள்ளும். ஜனவரி பிறந்தால் அவளுக்கு முப்பத்துமூன்று. போதாக்குறைக்கு, மகள் டாக்டராகப் போகிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்ததில், பக்கத்து வீட்டுக்காரர் இப்போதே முழங்கால் வலிக்கு யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஒரே ஒரு வரி மட்டும் திரையில் சிவப்பாக நின்றது. 'சிபாரிசுக் கடிதம் 3: வரவில்லை.'

மூன்றாவது கடிதம் தர வேண்டியவர் காசிமிரோ சார். போன் காலையிலிருந்து அணைந்து கிடந்தது. சார் குபாவோவில் பல் டாக்டரிடம் போயிருக்கிறார் என்று துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு பத்து நிமிடம்தான் ஆகிறது.

கடிதத்தை அவர் எழுத வேண்டியதுகூட இல்லை. அந்தத் துறையில் எந்தப் பேராசிரியரும் சிபாரிசுக் கடிதம் எழுதியதாகச் சரித்திரம் கிடையாது. கேட்டால், 'நீயே எழுதிக் கொண்டு வா, பார்த்து அனுப்புகிறேன்' என்பார்கள். வருடா வருடம் மூன்று பேருக்காகவும் ஜோனாபெல்லே எழுதினாள். ஒரு மேடத்தின் குரலில் தன்னைப் பார்த்துக் கண்கலங்கினாள். இன்னொரு சாரின் குரலில் 'இருபது வருடத்தில் இப்படியொரு மூளையைக் கண்டதில்லை' என்று வியந்தாள். நம்பும்படியாக இருக்கட்டும் என்று 'சில சமயம் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறாள்' என்று ஒரு குறையும் வைத்தாள். பிறகு விண்ணப்பத்தில், 'என்னைப் பற்றிய கடிதங்களைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்' என்ற கட்டத்தில் மனசாட்சியோடு டிக் அடித்தாள்.

மூன்றிலும் மணியானது காசிமிரோ சார் பெயரில் எழுதியதுதான். அவர் பெயருக்குத்தான் கனம். இருபத்தேழு வருடமாக வாராவாரம் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறார். படம் எவ்வளவு நீளமானாலும் விமர்சனம் ஒரே வரி. 'இசை இருந்தது' என்று எழுதுவார். 'எனக்குத் தலைவலி முன்பே இருந்தது' என்று எழுதுவார். அவருடைய உச்சபட்சப் பாராட்டு, 'நடுவில் எழுந்து போகவில்லை.' இருபத்தேழு வருடத்தில் நான்கே படங்களுக்கு அது கிடைத்திருக்கிறது. அதில் ஒரு டைரக்டர் அந்த வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவரின் மாணவி அவள். எம்.ஏ.வுக்கு, பழைய சண்டைப் படங்களில் சுடப்பட்டு விழுந்த துணை நடிகர்கள் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டே கிடப்பதைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். நானூற்றுப் பதினோரு பிணங்களைக் கண்டுபிடித்தாள். அதில் இருபத்து மூன்று பேரைத் தேடிப் போய்ப் பேசினாள். ஒருவர், அன்று வயிற்றில் எறும்பு ஏறியது என்று முப்பது வருடம் கழித்து மன்னிப்புக் கேட்டார். அமெரிக்காவுக்கு அனுப்பும் நோக்க அறிக்கையில் இதையெல்லாம் சொல்ல முடியுமா? 'கண்ணுக்குத் தெரியாத உழைப்பின் சுவாச அரசியல்' என்று மாற்றினாள். எறும்பு அடிக்குறிப்புக்குப் போனது.

ஒன்று முப்பத்தெட்டு. கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

காசிமிரோ சார் நாற்காலியில் மல்லாந்திருந்தார். வாய் நிறையப் பஞ்சு. கண் மட்டும் திரும்பியது.

"சார், லெட்டர்."

"வெளிய உட்காரும்மா, பாதி வேலையில இருக்கேன்" என்றார் டாக்டர் லூர்தெஸ்.

இன்னும் இருபது நிமிடத்தில் தன் வாழ்க்கை முடிந்துவிடும் என்றாள் ஜோனாபெல். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் டாக்டர். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து நாற்காலியை நிமிர்த்தினார். "அஞ்சு நிமிஷம். சார், வாயை மட்டும் மூடிடாதீங்க."

கிளினிக்கின் வைஃபை ஒருமுறை அறுந்தது. மறுபடி வந்தது. சார் இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் பாஸ்வேர்டு அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். ஒன்று நாற்பத்தொன்பது. ஜோனாபெல் அவர் தோளுக்கு மேல் குனிந்தாள்.

"அக்டோபர்லயே வரைவு அனுப்பிட்டேன் சார். உங்க மெயில்லதான் இருக்கு. அப்படியே எடுத்து ஏத்துனா போதும்."

சார் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்க்கும்படி கை காட்டினார். கடிதம் ரகசியம். மாணவி பார்க்கக் கூடாது. விதி என்றால் விதி.

தான் எழுதிய கடிதத்தைத் தானே பார்த்துவிடாமல் ஜோனாபெல் சுவரைப் பார்த்து நின்றாள். சுவரில் ஈறு நோய்களின் வண்ணப்படம். முதுகுக்குப் பின்னால் ஒரு க்ளிக். வெகு நேரம் கழித்து இன்னொரு க்ளிக்.

திரும்பியபோது சிவப்பு வரி பச்சையாகியிருந்தது. 'கிடைத்தது.' ஒன்று ஐம்பத்தாறு. அவள் பல் டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கால் மணி நேரத்துக்குப் பிறகு சாரின் வாயிலிருந்து பஞ்சு வெளியே வந்தது. ஒரு பக்கக் கன்னம் மரத்திருந்தது. பேச்சு கோணலாக வந்தாலும் உற்சாகமாக வந்தது. அவள் எழுதும் வரைவுகள் அபாரம் என்றார். அப்படியொரு நடை தனக்குக்கூடக் கைவராது என்றார்.

"போன வருஷத்துது ரென்ஸோவுக்குப் போச்சு. அதுக்கு முந்தினது கெஸியாவுக்கு. பேரை மட்டும்தான் மாத்தினேன். ரெண்டு பேருக்கும் உடனே கிடைச்சிடுச்சு பாத்தியா?"

ஜோனாபெல்லுக்கு அதே துறையில் படித்த ரென்ஸோ சோளக்காட்டிலிருந்து போட்ட பதிவு நினைவுக்கு வந்தது. காசிமிரோ சாரின் கடிதத்தைப் படித்துத் தேர்வுக் குழுவில் ஒருவர் அழுதுவிட்டாராம். அதற்கு அவளும் ஒரு இதயம் போட்டிருந்தாள்.

"அப்போ எனக்கு, சார்?"

"உனக்கு எப்படிடா அதை அனுப்புவேன்?" சாரின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "அவங்க ஏதோ வந்தாங்க, கேட்டாங்க, குடுத்தேன். நீ என் மாணவி. உன் விஷயத்துல பொய் சொல்ல எனக்கு மனசு வருமா? ரெண்டு வருஷமும் நானே என் கைப்பட எழுதினேன். இப்ப ஏத்தினதும் அதேதான். ஒரு எழுத்துகூட மாத்தல."

சுவர்க் கடிகாரம் இரண்டு பன்னிரண்டு காட்டியது. சோளக்காட்டில் கதவு சாத்திப் பதின்மூன்று நிமிடம் ஆகிவிட்டது.

"என்ன எழுதினீங்க சார்?"

ரகசியம் என்று முதலில் தயங்கினார். அப்புறம், இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறாளே என்று இரக்கப்பட்டு, லேப்டாப்பைத் தானே அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

பல்கலைக்கழகத்தின் முத்திரை. தேதி. கீழே நிறைய வெள்ளை. நடுவில் இரண்டு வாக்கியம்.

'இவருடைய ஆய்வேடு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நடுவில் நான் எழுந்து போகவில்லை.'