உடைக்கும் புதன்

பாழடைந்து கிடந்த குளிர்பதனக் கிடங்கை ஒட்டடை அடித்து வெள்ளையடித்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆளுக்கொரு மேசை போட்டுக் கொடுத்திருந்தது நகராட்சி. அதைப் பார்த்துக்கொள்ள வந்த அதிகாரியின் இடுப்பில் எப்போதும் ஒரு கொத்துச் சாவி தொங்கியதால், அவர் பெயரே சாவியம்மா ஆகிவிட்டது. சாவியம்மா நல்லவர்தான். ஆனால் அவர் போட்ட சட்டம் ஒன்று இருந்ததே, அது வேறெங்கும் இருக்காது. புதன்கிழமை தோறும் ஒவ்வொருவரும் தான் செய்த பொருளை அடுத்த மேசைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை உடைத்துப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் கையில் உடைவதற்குப் பதில் இங்கேயே உடையட்டும் என்பது சாவியம்மாவின் கட்சி.

புதன்கிழமை என்றாலே அங்கே மேசை வாங்கியிருந்த தையல்காரிக்கு ஆகாது. ஆடை ஆலையில் பன்னிரண்டு வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவள் அவள். ஒரு முழுச் சட்டையைத் தைக்க அங்கே யாரும் விட்டதில்லை. அவள் மனதில் நெடுநாளாக ஒரு பை இருந்தது. பைக்குள்ளே ஒரு துணித் தொட்டில், தொட்டிலில் சாப்பாட்டுப் பாத்திரம். சைக்கிள் எப்படிச் சாய்ந்தாலும் பாத்திரம் நிமிர்ந்தே நிற்கும், ஒரு சொட்டு சிந்தாது. "மூணு மாசம் பசங்கள நான் பாத்துக்கறேன் அண்ணி, போய்த் தைச்சுப் பாருங்க" என்று நாத்தனார் சொன்னதால்தான் வேலையை விட்டு இந்த மேசைக்கே வந்தாள். அந்தக் கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. பையை யாராவது மொத்தமாக எடுத்துக்கொள்ளாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் காலர்தான்.

அடுத்த மேசை, மடக்கு நாற்காலி செய்யும் வெல்டருடையது. அவர் கைக்குப் போன பை ஒன்றுகூட முழுசாகத் திரும்பியதில்லை. உள்ளே செங்கல்லை வைத்து ஆட்டுவார், ஆட்டுவார், தொட்டிலின் வார் பையோடு சேரும் இடத்தில் தையல் விட்டுப்போகும். இரட்டைத் தையல் போட்டாள், மூன்றாவதும் போட்டாள், ம்ஹூம். இந்த மனுஷனுக்கு நம்மேல் என்ன கடுப்போ என்று மூக்கு சிவக்கும். கிழிந்த பையை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவர் கேட்டால், தலையைக்கூட நிமிர்த்தாமல் பையை அவர் பக்கம் தள்ளிவிடுவாள். எண்ணெய் துடைக்கத்தான் கேட்கிறார் என்று நினைப்பு.

இந்தச் சமயத்தில்தான், அலுவலகங்களுக்குச் சைக்கிளில் மதியச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தின் முதலாளியம்மா போன் செய்து, பையைப் பார்க்க என்றைக்கு வரட்டும் என்று கேட்டார். தையல்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புதன்கிழமை வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான் தலையில் கை வைத்தாள். இந்த ஒருநாள் மட்டும் விட்டுவிடக் கூடாதா என்று கெஞ்சியதற்கு, ஒருத்தருக்கு விட்டால் எல்லாருக்கும் விட வேண்டும் என்று சாவியம்மா கொத்தை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

முதலாளியம்மா வந்தார். விருந்தாளிக்கு மரியாதையாக, வெல்டர் அன்று செங்கல்லுக்குப் பதில் பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்து ஆட்டினார். சொட்டு சிந்தவில்லை. முதலாளியம்மாவின் புருவம் உயர்ந்தது. இதோடு நிறுத்தித் தொலையுங்களேன் என்று தையல்காரி மனதுக்குள் மன்றாடினாள். அவரா நிறுத்துவார்? இன்னும் ஆட்டினார். தையல் விட்டது, பாத்திரம் கவிழ்ந்தது, அத்தனை தண்ணீரும் முதலாளியம்மாவின் செருப்பில்.

தையல்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. போயிற்று, எல்லாம் போயிற்று.

வெல்டர் பதறவே இல்லை. தன் மேசைக்கடியிலிருந்து ஒரு பையை எடுத்து வைத்தார். அவருடைய மதியச் சாப்பாட்டுப் பை. அவள் தைத்ததுதான், அவர் முதன்முதலில் கிழித்தது. தையல் விட்ட இடத்தில் ஒரு கம்பி வளையம் இருந்தது. வார் அதில் கோத்திருந்தது.

"இது ரெண்டு மாசமா என் சைக்கிள்ல தொங்குது. ஒருநாளும் சிந்தல" என்றார். "வார் முறுக்கறதாலதான் தையல் விடுது. வளையம் இருந்தா அது பாட்டுக்குத் திரும்பிக்கும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் தையல்காரி.

"சொல்லத்தான் வருவேன். நீங்க நிமிர்ந்தே பாக்க மாட்டீங்களேம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. மற்ற பைகளெல்லாம் எங்கே என்று மெல்லக் கேட்டாள்.

"ஒண்ணு வீட்டுக்காரிக்கு, ஒண்ணு மச்சானுக்கு. எனக்கு இல்லையான்னு மாமியார் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணு. எங்க வீட்ல எல்லாரும் உங்க பையிலதான் சாப்பாடு கொண்டு போறோம்."

முதல் வாடிக்கையாளர் எங்கே எங்கே என்று அவள் ஊரெல்லாம் தேடியிருந்தாள். ஒரு குடும்பமே கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறது. அந்தக் கம்பி வளையத்தை விரலால் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

முதலாளியம்மா வெல்டரின் பையில் தண்ணீரை வைத்துத் தானே ஆசை தீர ஆட்டிப் பார்த்தார். "எங்கிட்ட வர்றவங்க எல்லாம் உடையவே உடையாதுன்னு சத்தியம் பண்ணுவாங்க. எங்க உடையும்னு காட்டினது நீங்கதான்" என்றார். வளையம் வைத்தே தைக்கச் சொல்லி, தன் ஆட்கள் அத்தனை பேருக்கும் பை வேண்டுமென்று சொல்லிவிட்டு, ஈரச் செருப்போடு சளக் சளக்கென்று நடந்து போனார். வளையம் செய்யும் வேலை வெல்டருக்கு. பசங்களை இன்னும் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளும் வேலை நாத்தனாருக்கு. முதல் பையும் அவளுக்கே.

அடுத்த புதன்கிழமை, யாரும் கேட்பதற்கு முன்பே தையல்காரி வளையம் வைத்த பையோடு வெல்டரின் மேசைக்குப் போனாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். செங்கல்லை அவளே தூக்கி உள்ளே வைத்தாள்.

"நல்லா ஆட்டுங்கண்ணே" என்றாள்.