தொப்பைக்காரர் சட்டை

எங்கள் கடைக்கு வந்த முதல் வாடிக்கையாளர் நான்தான். கடை திறப்பதற்கு முன்பே வந்துவிட்டேன்.

என் கணவர் ஊரில் நடத்திவந்த சலவைக்கடையை விற்று, அந்தப் பணத்தை இந்த நாட்டில் போட்டிருந்தார். முதலீட்டாளர் விசாவின் விதி விசித்திரமானது. கடையை வாடகைக்கு எடுத்து, இயந்திரங்களைப் பொருத்தி, பெயர்ப்பலகை மாட்டி, எல்லாம் தயார் என்று காட்ட வேண்டும். ஆனால் அதிகாரி நேரில் வந்து பார்த்துச் சம்மதிக்கும்வரை ஒரு கைக்குட்டையைக்கூடக் காசுக்குத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அனுமதியில்லாமல் தொழில் செய்ததாகிவிடும். விசா கிடையாது, போட்டதும் போனதுதான். திரும்பிப் போனால் அங்கேயும் கடை இல்லை.

"சமைச்சு வைக்கணும், வாயில வைக்கக் கூடாது. நல்ல சட்டம்தான்," என்றார் இவர்.

சும்மா உட்காரத் தெரியாதவர். புது இயந்திரம் எப்படிப் பிழிகிறது, இந்தத் தண்ணீரில் சோப்பு எப்படி நுரைக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கும் அவரிடம் ஒரு நியதி இருந்தது: "அடுத்தவன் சட்டையில தொழில் பழகக் கூடாது." அதனால் தன் சட்டை, கால்சட்டை, கோட்டு எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டார். துவைத்துத் தேய்த்து ஹேங்கரில் மாட்டி, காலரில் துணி டோக்கன் குத்தினார்.

ஊரில் நாங்கள் டோக்கனில் எண் போட்டதில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எங்களுக்குள் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதைத்தான் எழுதுவோம். எண் மறந்துபோகும், ஆள் மறக்காது. இங்கே ஆளே இல்லை. ஆகவே ஆட்களையும் அவரே உண்டாக்கினார். தொப்பைக்காரர். அவசரக்குடுக்கை. முறுக்கு மாப்பிள்ளை.

அவர்களாக நடிக்க வேண்டியது நான். வெளியே போய்விட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவேன்.

"என் கோட்டு என்னாச்சு? ரயிலுக்கு நேரமாச்சு."

"வாங்க அவசரக்குடுக்கை சார். நேத்தே ரெடி."

"காலர்ல கறை அப்படியே இருக்கே."

"அது கறை இல்ல சார், உங்க குணம்."

"ஏங்க, இப்படிப் பேசினா கடை உருப்பட்ட மாதிரிதான்."

அதிகாரி வருகிற அன்று தரையைப் பளபளக்கத் துடைத்தோம். கம்பியில் தொங்கிய துணிகளை எடுத்துவைக்க மட்டும் இருவருக்குமே தோன்றவில்லை. துணி தொங்காத சலவைக்கடையை நாங்கள் பார்த்ததே இல்லை.

அதிகாரியோடு எங்கள் விசா ஆலோசகர் வந்தார். நம் மொழிக்காரர், கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவர்தான் மொழிபெயர்ப்பு. அதிகாரி உயரமாக, நிதானமாக இருந்தார். இயந்திரங்களைப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். கம்பியருகே நின்று, ஒரு டோக்கனைத் திருப்பி ஏதோ கேட்டார்.

ஆலோசகருக்கு முகம் வெளுத்தது. "அண்ணே, இதெல்லாம் யார் துணின்னு கேக்கறார்."

"என்னோடதுதான்."

"வேற வேற பேர் எழுதியிருக்கே. படிச்சுச் சொல்லச் சொல்றார். தொப்பைக்காரர்னு நான் எப்படிச் சொல்றது?"

"எழுதினதைப் படிங்க."

அவர் படிக்கப் படிக்க அதிகாரி குறித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் எப்போதிருந்து வருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி.

"தலைக்கு மேல வெள்ளம் போயிடுச்சு அண்ணி," என்றார் ஆலோசகர் என்னிடம். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

இவர் பதறவில்லை. தொப்பைக்காரர் சட்டையை எடுத்து, போட்டிருந்த சட்டையின் மேலேயே மாட்டிப் பொத்தான் போட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி என்பதுபோல் கைகளை விரித்தார். உள்ளே ஒரு சட்டை இருந்தும் இது தோளிலிருந்து வழிந்தது. காலருக்குள் இன்னொரு கழுத்து போகும். கோட்டைப் போட்டார். அதுவும் தொங்கியது.

"உங்க அளவே இல்லைங்கறார், அண்ணே."

அப்போதுதான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. "விண்ணப்பத்துல இருக்கற போட்டோவைப் பார்க்கச் சொல்லுங்க. இதே சட்டைதான் போட்டிருக்கார்."

அதிகாரி கோப்பைத் திறந்தார். போன வருடம் எடுத்த படம். அதே நீலக் கோடுகள், கழுத்தை இறுக்கும் காலர், உருண்டை முகம். பிறகு கம்பியில் இருந்த சட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாவற்றிலும் ஒரே தையல்காரரின் முத்திரைத் துணி, ஒரே அளவு. அத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. படத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்று கேட்டார்.

ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே வருஷத்துல ஏன் மெலிஞ்சீங்கன்னு கேக்கறார்."

"இதுவும் விசாவுக்கு வேணுமா?"

"இல்லையாம். அவருக்குத் தெரியணுமாம்."

"விசாவுக்கு அலைஞ்சு மெலிஞ்சேன்னு சொல்லுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. டாக்டரிடம் போனீர்களா என்று என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

கூடவே இருக்கிற கண்ணுக்குத் தேய்மானம் தெரிவதில்லை. அந்த வாரமே போனோம். விசாவும் வந்தது, நோயின் பெயரும் வந்தது. இன்னும் தாமதித்திருந்தால் செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது என்றார் டாக்டர். சிகிச்சைக்கு நடுவே கடையைத் திறந்தோம். சில வருடங்கள் இவர் நின்று நடத்தினார். தொப்பைக்காரர்கள் நிஜமாகவே வந்தார்கள்.

வேறு பிரிவுக்கு மாறிய பிறகு அந்த அதிகாரியும் தன் சாம்பல் நிறக் கோட்டோடு வந்தார். இவர் டோக்கனில் என்ன எழுதுகிறார் என்று எட்டிப் பார்த்தேன். 'ஏன் மெலிஞ்சீங்க.'

இவர் போன பின் விசாவை என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தேன். கடையைப் பார்க்க வந்தது புதிதாக ஒரு பெண். உங்களுக்கு இந்தத் தொழிலில் என்ன அனுபவம் என்று கேட்டாள். வாடிக்கையாளராக ஆரம்பித்தேன் என்றேன். அவள் விளக்கம் கேட்க, சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. விசா வந்தது.

சாம்பல் கோட்டுக்காரர் போன வாரம் தன் கோட்டை வாங்க வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, காலரில் இருந்த டோக்கனைத் தொட்டார். இதில் என்னதான் எழுதியிருக்கிறது, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன் என்றார். இப்போது அவர் மொழி எனக்கு வரும். சொன்னேன்.

அவர் டோக்கனை ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"அன்றைக்கு அதற்கு அவர் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை," என்றார்.

"உங்களால்தான் பதில் கிடைத்தது," என்றேன். கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். டோக்கனை நானும் கழற்றவில்லை, அவரும் கழற்றவில்லை.