மணல்மேட்டில் பால் ஊற்றப் போனவர்கள்

வெள்ளானூரிலிருந்து எண்ணூருக்கு வடக்கே கடலோர மணல்மேடு வரைக்கும் சைக்கிளில் போவதென்றால் லேசுப்பட்ட காரியமா? வேம்புலி மிதித்தான். பின்னால் அங்கம்மா, மடியில் பால் தூக்கு. கழிமுகத்தில் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு அக்கரை போனார்கள்.

போன வருஷம், எண்பத்தைந்தில் அந்தப் பேய்மழை பெய்ததே, அப்போது மேட்டை ஒட்டிய மீனவக் குப்பத்து முத்தம்மாள் வீட்டுக்கு விருந்தாடிப் போயிருந்தார்கள். ஆவடிச் சந்தைக்குக் கருவாடு விற்க வந்து பழக்கமானவள். போன இடத்தில் இவர்கள் கைக்குழந்தை செல்லி காய்ச்சலில் போய்விட்டாள். எங்கே பார்த்தாலும் வெள்ளம், ஊருக்குத் தூக்கிவர வழியில்லை. குப்பத்து ஆம்பளைகளோ அடித்துப்போன படகுகளைத் தேடிப் போயிருந்தார்கள். பொம்பளைகள் இடுகாட்டுக்கு வரக்கூடாதே, அதனால் வேம்புலி தனியாகத்தான் தூக்கிப்போய்ப் புதைத்தான்.

அடையாளம்? இருப்பதிலேயே உயரமான மேட்டின் அடியில், தாழம்புதர் பக்கம். அவ்வளவுதான். அவன் ஏரிக்கரையில் வளர்ந்தவன். அவனுக்குத் தெரிந்த மேடெல்லாம் தாத்தா காலத்திலிருந்து அசையாமல் கிடந்தவை. ஒரு கல்கூட நடவில்லை.

வருஷம் திரும்பி வந்து பார்த்தால், எந்த மேடு எதுவென்றே தெரியவில்லை. தாழம்புதரைக் காணவே காணோம்.

"இதாம்மே... இல்ல, அதோ, அது."

"இன்னாய்யா, மேட்டுக்கு மேடு கைய காட்டிக்கினு கீறே? பெத்த பொண்ண பொதச்ச எடம் தெரியாதா உனுக்கு?"

கூட வந்த முத்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "மேட்டையா அண்ணாத்தே குறி வெச்சே? காத்து அடிச்சா அது நகந்துகினே பூடும். என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

வேம்புலி கண்ட இடத்திலெல்லாம் கையால் பறித்தான். பறிக்கப் பறிக்க மணல் சரிந்து மூடியது. அங்கம்மாவும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓய்ந்து போனாள்.

"எங்கனா ஊத்திட்டு வாம்மா, எல்லாம் ஒரே மண்ணுதான்" என்றாள் முத்தம்மாள்.

அங்கம்மா சட்டென்று நின்றுவிட்டாள்.

"யோவ், இம்மா நேரமா பாப்பா மேலயா நடந்துகினு இருந்தேன்?"

"அப்டிலாம் இல்லமே. வா, போலாம்."

"இங்க இல்லன்னு ஒரு எடம் காட்டு. சத்தியம் பண்ணு. அங்க கால வெக்கிறேன்."

அவளைக் கைப்பிடித்து அழைத்துவர வேம்புலி ஓரடி எடுத்து வைத்தான். காலடியில் மணலைப் பார்த்தான். அடுத்த அடி வைக்க அவனாலும் முடியவில்லை.