சிவப்புக் கார்பெட்டுக்கு அடியில்

சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் முன்னால் அண்ணன் சொன்னான்: "இவ ஓட்டித்தான் ஓவர்டிரைவ் போச்சு. இனிமே இவ ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது." பெரியப்பா தலையாட்டினார். நானும் அண்ணனும் சேர்ந்து வாங்கிய வண்டி அது. இங்கிலாந்தில் செய்த, இரண்டே சீட்டுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார். துருவைச் சுரண்டியது நான். கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியது நான். அண்ணன் என்கிற இந்தத் துரை என்ன செய்தார்? நண்பர்களைக் கூட்டிவந்து போட்டோ எடுத்துக்கொண்டார். போன மாதம் பெரிய மனது பண்ணி உள்ளே சிவப்புக் கார்பெட் போட்டார். நான் கெடுத்துவிட்டேனாம்!

ஓவர்டிரைவ் என்பது கியர்பாக்ஸின் பின்னால் ஒட்டியிருக்கும் இன்னொரு சின்ன கியர்பாக்ஸ். டாப் கியரில் போகும்போது ஸ்விட்ச்சைத் தட்டினால், வேகம் குறையாமலே இன்ஜின் இரைச்சல் அடங்கி நிதானமாக ஓடும். இப்போது தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு என் கையைக் குறை சொன்னானே, ஒரு தடவை குனிந்து எண்ணெய் இருக்கிறதா என்றாவது பார்த்தானா?

மறுநாள் காலை அண்ணியை உள்ளே உட்காரவைத்துவிட்டு நான் வண்டிக்கடியில் போய்ப் படுத்தேன். எண்ணெய் சரியாகத்தான் இருந்தது.

"அண்ணி, சாவியைத் திருப்பி, டாப் கியர்ல போட்டு ஸ்விட்ச்சைத் தட்டுங்க."

"தட்டிட்டேன்மா."

உள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வரவேண்டும். வரவில்லை. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரியிலிருந்து தனி ஒயர் ஒன்றை இழுத்து நேராக ஓவர்டிரைவில் கொடுத்தேன். டிக்! ஆக, அது நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குக் கரண்ட்தான் போகவில்லை.

பழைய ஒயரைத் தடவிக்கொண்டே வந்து கார்பெட்டைத் தூக்கினேன். கார்பெட் நகராமலிருக்க அண்ணன் முறுக்கிய ஸ்க்ரூ, ஒயரைத் துண்டாக நறுக்கிக்கொண்டு இறங்கியிருந்தது. அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இவர் வேலைதானா!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணியையும் ஏற்றிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போனேன். டாப் கியரில், நான் சொன்னதும் அண்ணி அந்தத் தனி ஒயரின் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டினார். இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கியது. "அடேயப்பா, என்னமா வழுக்கிட்டுப் போகுது!" என்றார். அண்ணனே கண்ணால் பார்க்கட்டும் என்று கிளிப்பைக் கழற்றாமலே வந்து, ஷெட்டுக்குள் வண்டியை முன்பக்கமாக விட்டேன். இன்ஜினையும் அணைக்கவில்லை. இறங்கி அவனைக் கூப்பிட்டேன்.

வந்தவன் ஸ்க்ரூவைப் பார்க்கவே இல்லை. நேராக ஏறி உட்கார்ந்தான்.

"அண்ணா, ரிவர்ஸ் போடாத! ஒயர் நேரா போகுது!"

ரிவர்ஸில் ஓவர்டிரைவுக்குக் கரண்ட் போகாமல் தடுக்க கியர்பாக்ஸிலேயே ஒரு ஸ்விட்ச் உண்டு. நேர் ஒயரில் அந்தத் தடை கிடையாது. போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் நொறுங்கிவிடும். இதையெல்லாம் நான் சொல்லி முடிக்க விட்டானா?

"எனக்கு நீ சொல்லிக்குடுக்க வர்றியா?" என்றபடி கியரை இழுத்தான். நான் ஓடிப்போய்க் கிளிப்பை எட்டுவதற்குள் வண்டி பின்னால் குலுங்கியது. அடியில் மடாரென்று ஒரு சத்தம். பிறகு இரும்பு இரும்பை அரைத்தது. இன்ஜின் திணறி நின்றது. பாதி வண்டி ஷெட்டுக்கு வெளியே கிடந்தது.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வாசலுக்கு வந்தார்.

"நேத்தே சொன்னேன்ல?" என்றான் அண்ணன், அவரைப் பார்த்து. "இவ ஓட்டிட்டு வந்தா, இப்ப சுத்தமா முடிஞ்சுது." பிறகு அண்ணி பக்கம் திரும்பினான். "நீயும் கூடத்தானே போன? சொல்லு."

என்ன நெஞ்சழுத்தம்!

"சொல்லுங்க அண்ணி," என்றேன் நானும்.

அண்ணி வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. அதைத் திறக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவர் கண் உள்ளே, சுருட்டிவிட்ட சிவப்புக் கார்பெட்டின் மேலேயே இருந்தது.